எல்லார் வீட்டுச் சப்போட்டா மரம்

தேவானையின் வாயைப் பற்றி மந்தைவெளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் லாரிக்காரர் குழாயைப் பாதியில் மூடினால் இவள் வாயைத் திறப்பாள். உடனே அவர் குழாயைத் திறப்பார். தி. நகரில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குக் கல்யாணப் பட்டெடுக்க ஒரு கூட்டமே வேனில் வந்து இறங்கும். மாமியாருக்குப் பிடித்தது நாத்தனாருக்குப் பிடிக்காது, நாத்தனாருக்குப் பிடித்தது கல்யாணப் பெண்ணுக்குப் பிடிக்காது, பணம் கொடுக்கப் போகிறவருக்கு எதுவுமே பிடிக்காது. அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக உட்காரவைத்து, பேசிப் பேசியே ஒரே புடவையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாய்.

அந்த வாய்க்கு ஒரே ஒரு பூட்டு உண்டு. இங்கிலீஷ். வந்தவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஆரம்பித்துவிட்டால் தீர்ந்தது. தேவானை குனிந்து, அடித்தட்டில் இல்லாத புடவையைத் தேட ஆரம்பித்துவிடுவாள். போன தீபாவளிக்கு முன்னால் ஓர் அம்மாள் வந்தார். பார்த்தால் நம்மூர்க்காரர்தான், பேசினதெல்லாம் இங்கிலீஷ். கேட்டது என்னவோ சாதாரணக் கேள்வி. இந்தப் பட்டில் சரிகை எப்படி, துவைத்தால் சாயம் போகுமா, அவ்வளவுதான். தேவானைக்குப் பதில் தெரியும். மணிக்கணக்கில் சொல்லத் தெரியும். ஆனால் தொண்டையில் ஒரு கொழுக்கட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. சூப்பர்வைசர் ஓடிவந்து, "சாரி மேடம், அவங்களுக்கு இங்கிலீஷ் வராது" என்று சொல்ல, அந்த அம்மாள் இவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். தூளியில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. திட்டியிருந்தால்கூட தேவானை மறந்திருப்பாள்.

அன்றைக்கு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டாள். மகள் ஜானுவைப் பார்த்து எவளும் அப்படிச் சிரிக்கக் கூடாது. ஜானுவை அடையாறில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், சிவப்பு ஓட்டுக் கட்டடம், பிள்ளைகள் அடித்துக்கொள்வதைக்கூட இங்கிலீஷில்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. மூன்றரை வயசுக் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்க, பெற்றவர்கள் இரண்டு பேரும் பிரின்சிபால் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். இன்டர்வியூ வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அதனால் அதற்கு 'இன்டராக்‌ஷன்' என்று பேர் வைத்திருந்தார்கள். கேள்வி என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். ஃபீஸைப் பற்றி இந்தக் கதையில் பேச்சே இல்லை; பேசினால் யாருக்கும் சிரிப்பு வராது.

"நம்மளுக்கு இன்னாத்துக்குமே அந்த ஸ்கூலு?" என்றான் அவள் புருஷன் செம்பியன். கால் டாக்சி ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க டாக்சி ஆப்பிலிருந்து வந்தது. 'ஓடிபி ப்ளீஸ்' என்பான், 'கேஷ் ஆர் ஆன்லைன்' என்பான், இறங்கும்போது 'ஃபைவ் ஸ்டார் ப்ளீஸ்' என்பான். அதை வைத்துக்கொண்டு ஏர்போர்ட் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தான்.

"யோவ், ஆத்தோரம் உங்க வூட்ட இடிக்கசொல்லோ ஆபீசருங்க அவங்களுக்குள்ள இங்கிலீஷ்லதான பேசிக்கினாங்க? உங்க அண்ணன் தம்பி அத்தினி பேரும் வாயப் பாத்துக்கினு நின்னீங்க. இப்ப ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல போய்க் குந்திக்கினு கீறாங்க. ஞாபகம் கீதா, இல்லியா?"

செம்பியனுக்கு ஞாபகம் இருந்தது. அடுத்த வாரமே இரண்டு பேரும் ஓர் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார்கள்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் மாளவிகா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். எம்.ஏ. முடித்த பெண், இருபத்தைந்து வயசு இருக்கும். அவளிடம் 'பேரன்ட்ஸ் பேட்ச்' என்று ஒன்று உண்டு. எல்.கே.ஜி. சீட்டுக்காகப் பெற்றோர்களைத் தயார் செய்யும் பேட்ச். திருவல்லிக்கேணியிலிருந்து புஷ்ரா வந்தாள். அவள் புருஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மேற்கு மாம்பலத்திலிருந்து செந்தில்குமார் வந்தார், கூட அவர் மனைவி தீபிகா. இன்னும் ஐந்தாறு ஜோடிகள். எல்லோரும் சிமென்ட் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, கீழே எவர்சில்வர் அண்டா உருளும் சத்தத்துக்கு மேலே 'குட் ஈவினிங்' சொல்லிப் பழகினார்கள்.

வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. பேசினால் அடியோ அபராதமோ கிடையாது. செட்டியாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கொலுவில் தொந்தியும் தொப்பையுமாகப் பலசரக்குக் கடை போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்தச் செட்டியார் பொம்மை. அடுத்து யார் தமிழ் பேசுகிறார்களோ அவர்களிடம் தள்ளிவிடலாம். முதல் வாரம் முழுக்கச் செட்டியார் தேவானையின் மடியை விட்டு இறங்கவே இல்லை. "மிஸ், இவுர வெச்சிக்கினு கால் வலிக்குது மிஸ்" என்று சொல்லி, அதற்காக மறுபடி ஒரு தடவை வாங்கிக்கொண்டாள்.

மாளவிகா கெட்டிக்காரிதான். ஆனால் நம் ஜனங்களைப் பற்றி அவளுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. பிரின்சிபால் என்னென்ன கேட்பார், அதற்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்று மாதிரிக் கேள்வி பதில் எழுதி, பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

"இது சும்மா ஒரு மாதிரிக்குத்தான். நீங்க உங்க சொந்த வார்த்தைல சொல்லணும், என்ன? இதையே ஒப்பிச்சிண்டு நிக்கப்படாது" என்றாள். இதைத் தமிழில் சொன்னதால் செட்டியாரை அவளும் ஐந்து நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து நோட்ஸில் உள்ளதை ஒரு புள்ளி மாறாமல் எழுதி மார்க் வாங்கி வளர்ந்தவர்களிடம் 'சொந்த வார்த்தை' என்றால் என்ன அர்த்தம்? நன்றாக மனப்பாடம் பண்ணு என்று அர்த்தம். அத்தனை பேரும் மனப்பாடம் பண்ணினார்கள். 'உங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு மாளவிகா எழுதியிருந்த பதில் ரொம்ப அழகு. "அவர் சைல்ட் இஸ் வெரி க்யூரியஸ். எவ்ரி ஈவினிங் ஷி வாட்சஸ் தி ஸ்குவிரல்ஸ் ஆன் அவர் சப்போட்டா ட்ரீ." அதாவது, குழந்தைக்கு எதையும் தெரிந்துகொள்ள ஆர்வம், தினமும் சாயங்காலம் நம் சப்போட்டா மரத்து அணில்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆண் குழந்தை பெற்றவர்கள் 'ஷி'யை மட்டும் 'ஹி' ஆக்கிக்கொண்டார்கள். அதுதான் அவர்கள் சேர்த்த சொந்த வார்த்தை.

தேவானையும் செம்பியனும் வீட்டில் தினமும் சாயங்காலம் இன்டராக்‌ஷன் நடத்தினார்கள். செம்பியன் லுங்கியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பிரின்சிபால் ஆனான். கையில் கரண்டி. தேவானை எதிரே ஸ்டூலில்.

"குட் மார்னிங். ப்ளீஸ் சிட். டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்."

தேவானை கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பிப்பாள். செம்பியன் கரண்டியால் நாற்காலிக் கையில் டொக் டொக் என்று தட்டுவான்.

"நோ, நோ. மக்கப் அடிக்காதமே. ஃபீலிங்கா சொல்லு."

"ஃபீலிங்கா? வரது இதே பெருசு. அடுத்தத கேளுய்யா."

"ஒய் திஸ் ஸ்கூல்?"

"பிகாஸ் யுவர் ஸ்கூல் இஸ் ஹோலிஸ்டிக்."

"அப்டின்னா இன்னா?"

"யாருக்குத் தெரியும்? மிஸ் எழுதிக்கீறாங்க."

'குழந்தை அடம்பிடித்து அழுதால் என்ன செய்வீர்கள்' என்ற கேள்விக்குத்தான் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது. பதில் என்னவென்றால், நாங்கள் சத்தம் போட மாட்டோம், குழந்தையோடு உட்கார்ந்து கலந்து பேசுவோம். அந்த வீட்டில் யாரும் யாரோடும் உட்கார்ந்து கலந்து பேசினதாகச் சரித்திரமே கிடையாது. எல்லாக் கலந்துபேசலும் நின்றுகொண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் நடக்கும்.

இதில் நடந்த வேடிக்கை வேறொன்று. பழக்கம் வரட்டும் என்று சமையல் முடிகிற வரைக்கும் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள். செய்த பிறகுதான் தெரிந்தது, இங்கிலீஷில் அவர்களுக்குச் சண்டை போட வராது. தெரிந்த வாக்கியமெல்லாம் மரியாதையான வாக்கியம்.

"ஒய் யூ நோ பை மில்க்?" என்று தேவானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"சாரி. ஐ ஃபர்கெட்."

"இட்ஸ் ஓகே. தேங்க் யூ ஃபார் யுவர் டைம்."

அவ்வளவுதான், சண்டை முடிந்துவிடும். இதே பாலுக்குத் தமிழில் என்றால் செம்பியனின் அப்பா, தாத்தா, அவர்கள் ஊரில் விட்டுவந்த மாடு வரைக்கும் போயிருக்கும். நாலாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். "இன்னாடி தேவான, சத்தமே காணோம்? கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் பூட்டியோன்னு பாக்க வந்தேன்." தேவானை அவளைப் பார்த்து, "நோ ப்ராப்ளம், அக்கா. வீ ஆர் ஹேப்பி" என்றாள். அக்கா தெரு பூராவும் போய், இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒருநாள் கேள்வியில் இல்லாத கேள்வி ஒன்றைச் செம்பியன் கேட்டான். "டெல் மீ அபௌட் யுவர் ஹஸ்பண்ட்." குறும்புக்குத்தான் கேட்டான். தேவானை நோட்ஸில் தேடினாள், இல்லை. கூரையைப் பார்த்தாள். "மை ஹஸ்பண்ட்... குட் மேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தமிழில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கூச்சத்தில் உயிர் போயிருக்கும். இங்கிலீஷில் யாரோ சொன்னமாதிரி சுலபமாக வந்துவிட்டது. செம்பியன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போன் அடிக்காமலேயே போன் பேசுகிற மாதிரி வெளியே போய்விட்டான். ரொம்ப நேரம் தெருவில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜானு இதையெல்லாம் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து, தன் சொப்புகளை அடுக்கிக்கொண்டே பார்ப்பாள். "நானும்?" என்று கேட்டால், "உனுக்கு ஒண்ணியும் கேக்க மாட்டாங்கடி. ரெட், க்ரீன், யெல்லோ தெரியுதுல்ல? அது போதும்" என்பாள் தேவானை. குழந்தையிடம் கலர் மட்டும்தான் கேட்பார்கள் என்று மாளவிகா சொல்லியிருந்தாள். அதனால் ஜானுவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

சனிக்கிழமை காலை இன்டராக்‌ஷன். தேவானை கடையில் தள்ளுபடிக்கு எடுத்த காட்டன் புடவையில் கஞ்சி மொடமொடக்கப் போனாள். ஜானுவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த செம்பியன் ஷூ போட்டிருந்தான். அது அவனுக்கே புதுசாக இருந்ததால் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான். காத்திருக்கும் ஹாலில் நுழைந்தால், பேட்ச் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறது! ஆன்லைனில் விண்ணப்பம் போடத் தெரியாது என்று எல்லோரும் ஒரே சாயங்காலம் மாளவிகாவின் கம்ப்யூட்டரிலேயே அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடமும் வந்த வரிசையில் அப்படியே கூப்பிட்டுவிட்டது. தெரிந்த முகங்களைப் பார்த்ததும் தேவானைக்குத் தைரியமாக இருந்தது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முதலில் உள்ளே போனது புஷ்ராவும் அவள் புருஷனும். வெளியே வரும்போது இரண்டு பேர் முகமும் பூரித்திருந்தது. "அக்கா, அப்படியே அடிச்சிட்டோம், ஒரு எழுத்து தப்பல!" என்று தேவானையின் கையைப் பிடித்துக்கொண்டாள் புஷ்ரா. அடுத்த ஜோடி போனது. அவர்களும் ஒரு எழுத்து தப்பாமல் அடித்துவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த ஜோடி வரும்போது மட்டும் கொஞ்சம் குழம்பிப்போய் வந்தது. நாலாவதாகச் செந்தில்குமாரும் தீபிகாவும் போனார்கள். வெளியே வந்தபோது செந்தில்குமாரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மாடியில குடியிருக்கீங்கன்னு கேட்டாங்க" என்றார் அவர், காற்றுப் போன குரலில். "மூணாவது மாடின்னேன். மூணாவது மாடியில சப்போட்டா மரம் எப்படின்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"போன்சாய்னு சொன்னேன்."

தீபிகா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அதோட விட்டாரா? அப்போ அணில்னு கேட்டாங்க. அதுவும் சின்னதுதான் மேடம்ங்கறார்!"

புஷ்ராவுக்கு முகம் வெளுத்தது. "எங்க வீட்டுக்குப் பின்னால லாட்ஜ் சுவருதான் இருக்கு. நானும் மரம் இருக்குன்னுட்டேனே, யா அல்லா!" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து, துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்து தீபிகாவுக்கும் வந்தது. பரீட்சை ஹாலில் சிரிப்பு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி, ஹால் முழுக்க ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள். கதவருகே நின்றிருந்த ஆயாம்மா வந்து தன் பங்குக்குக் கேட்டாள். "இன்னாம்மா, எல்லாரும் ஒரே தோட்டத்துலயா குடி கீறீங்க? மேடம் உள்ள மண்டையப் பிச்சிக்கினு கீறாங்க."

தேவானைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது அவள். பதிலெல்லாம் தீர்ந்துபோய்விட்டது, மற்றவர்கள் முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். மாளவிகாவுக்குப் போன் போட்டாள்.

"என்னது, எல்லாரும் சப்போட்டா மரமா?" மாளவிகாவின் அலறல் ஹாலுக்கே கேட்டது. "ஐயோ, அது எங்காத்து மரம்! கொல்லைல இருக்கு! மாதிரிக்குன்னா எழுதினேன்? சொந்த வார்த்தைல சொல்லுங்கோன்னு எத்தனை தடவை அடிச்சிண்டேன்!"

"மிஸ், எங்க சொந்த வார்த்தை எல்லாம் தமிழ்லதான மிஸ் கீது?"

மாளவிகாவுக்கு எம்.ஏ.வில் அதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. அதற்குள் ஆயாம்மா கூப்பிட்டுவிட்டாள். "ஜானுவோட அம்மா அப்பா!"

பிரின்சிபால் ரத்னா மேடம் நல்ல செட்டிநாட்டுக் காட்டனில் இருந்தார். அந்தக் கலக்கத்திலும் தேவானையின் கண் அதைப் பார்த்துவிட்டது. கடைக்காரிக் கண் அல்லவா. மேஜை மேல் அடுக்கடுக்காக ஃபைல். சுழல் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ப்ளீஸ் சிட். டெல் மீ அபௌட் யுவர் சைல்ட்" என்றவர், உடனே கையை உயர்த்தினார். "பட் ப்ளீஸ், நோ ஸ்குவிரல்ஸ்."

தேவானை வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. நாலு மாசமாக அடுக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு அணிலோடு ஓடிவிட்டது. செம்பியன் மனைவி முகத்தைப் பார்த்தான், எதையாவது சொல்லிக் காப்பாற்ற வேண்டுமே என்று, "நோ ட்ரீ, மேடம். அவர் ஹவுஸ் ஒன்லி வால். ஃபைவ் ஸ்டார் வால்" என்றான். எதற்கு ஃபைவ் ஸ்டார் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேடம் பெருமூச்சு விட்டார். "ஓகே. லெட் மீ டாக் டு தி சைல்ட்" என்று எழுந்து, அறை ஓரத்தில் இருந்த குட்டி மேஜைக்கு வந்தார். அங்கே கலர் கலராகக் கட்டைகள் இருந்தன. குழந்தைகள் உட்காரும் குட்டி ஸ்டூலில் சிரமப்பட்டு உட்கார்ந்து, சிவப்புக் கட்டையை எடுத்துக் காட்டினார். "ஜானு, கம் ஹியர். வாட் கலர் இஸ் திஸ்?"

ஜானு சிவப்புக் கட்டையைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மேடத்தைப் பார்த்தாள். காலியாக இருந்த சுழல் நாற்காலியைப் பார்த்தாள். அவள் வீட்டுச் சட்டப்படி, ஸ்டூலில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டியவர், நாற்காலியில் இருப்பவர் கேள்வி கேட்பவர். நேரே போய் நாற்காலியில் ஏறிவிட்டாள். கால்மேல் கால் போட்டாள். மேஜையில் இருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டாள்.

"குட் மார்னிங். ப்ளீஸ் சிட்."

மேடம் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். செம்பியன் பாய்ந்து தூக்கப் போனான். மேடம் வேண்டாம் என்று கை காட்டினார்.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றாள் ஜானு.

போச்சு, சீட்டு போச்சு, இனி அடையாறு பக்கமே வர முடியாது என்று தேவானைக்குத் தோன்றியது. ஆனால் மேடம் என்ன நினைத்தாரோ, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பவ்யமாக, "ஐ யாம் ரத்னா. ஐ யாம் தி பிரின்சிபால்" என்றார்.

"குட். ஒய் திஸ் ஸ்கூல்?"

"வெல், அவர் ஸ்கூல் பிலீவ்ஸ் இன் எ ஹோலிஸ்டிக் அப்ரோச் டு..."

ஜானு ஸ்கேலால் நாற்காலிக் கையில் டொக் டொக் என்று தட்டினாள். "நோ, நோ. மக்கப் அடிக்காத. ஃபீலிங்கா சொல்லு."

செம்பியன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரத்னா மேடத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. பள்ளிக்கூடத்தின் விளம்பரப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்திருந்ததைத்தான் அவர் சொல்ல ஆரம்பித்திருந்தார்; வருஷா வருஷம், ஒரு எழுத்து மாறாமல், வருகிற பெற்றோர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து ஒப்பித்ததைக் கேட்டு எரிச்சல்பட்டவருக்கு, தன் பங்குச் சப்போட்டா மரம் இப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஃபீலிங்காவா?" என்றார் மேடம் தமிழில். யோசித்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? அப்போ எனக்கு வேற வேலை கிடைக்கல. ஒரு வருஷம் பார்த்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். அப்புறம் பசங்க சத்தம் பழகிடுச்சு. லீவு விட்டா வீட்ல இருப்புக் கொள்ளாது."

ஜானுவுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. "குட்" என்றாள். பிறகு கடைசிக் கேள்விக்கு வந்தாள். செம்பியன் கேட்கும்போது இதற்குத்தான் அம்மாவும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் முகத்தில் இப்போதே பாதிச் சிரிப்பு. "சைல்ட் இஸ் க்ரையிங். வாட் யூ டூ?"

"தூக்கி வச்சுப்பேன்" என்றார் மேடம்.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். குட்டி ஸ்டூல் ஆடியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அணில், போன்சாய், எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது போல, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். செம்பியனும் சிரித்தான். வெளியே ஆயாம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, பயந்துபோய் மூடிவிட்டாள்.

"யாரும்மா இவளுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று மேடம் தேவானையைக் கேட்டார்.

"நோபடி, மேடம்" என்றாள் தேவானை. சொன்ன பிறகுதான் கவனித்தாள். அது நோட்ஸில் இல்லாத வாக்கியம். "வீ ஸ்பீக். ஷி லிசன்."

"அப்ப இப்ப சொல்லுங்க. எதுக்கு இந்த ஸ்கூல்? தமிழ்ல வேணும்னாலும் சொல்லுங்க."

தேவானை தமிழில் சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஏனோ இங்கிலீஷிலேயே சொல்ல வேண்டும்போல் இருந்தது. தப்போ சரியோ, இத்தனை நாள் தன்னை மிரட்டிக்கொண்டிருந்ததன் காதைப் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. "மை ஷாப், கஸ்டமர் கம், இங்கிலீஷ் டாக், மை மவுத் க்ளோஸ்" என்றாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். "மை டாட்டர் மவுத், நோ க்ளோஸ். தட்ஸ் ஆல், மேடம்."

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சுழல் நாற்காலியில் அரசியாக உட்கார்ந்திருந்த ஜானுவைப் பார்த்தார். "அவ வாயை இனிமே யாராலயும் மூட முடியாதும்மா. எங்களாலயும் முடியாது. அதுதான் எனக்குக் கவலையே" என்றார். பெரிய மேஜையிலிருந்து ஃபைலை எடுத்துத் தரச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஜூன் மாசம் முதல் திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

தேவானைக்கு எழுந்து நிற்க வேண்டுமா, கும்பிட வேண்டுமா, தேங்க் யூ சொல்ல வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை. தீபாவளிக்கு முன்னால் பார்த்த அந்த அன்பான சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது இப்போது வலிக்கவில்லை. கத்த வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. மூன்றரை வயசில் பிரின்சிபாலை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவளுக்கு, தான் வாங்கித்தர வந்ததில் பாதி ஏற்கெனவே வந்துவிட்டது என்று பட்டது.

ஆனால் ஜானு நாற்காலியை விட்டு இறங்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினாள். மேடம் கூப்பிட்டார், வரவில்லை. செம்பியன் கண்ணைக் காட்டினான், அதற்கும் மசியவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் தேவானைக்குத் தன் குரல் மொத்தமாகத் திரும்பிவிட்டது. மந்தைவெளித் தெருமுனை வரைக்கும் கேட்கும் அந்தக் குரலில், பிரின்சிபால் ரூம் என்றும் பார்க்காமல், "ஏய், இன்னாடி வெளாட்டு! எறங்குடி கீழ!" என்று ஒரு போடு போட்டாள். வெளியே ஹாலில் புஷ்ராவும் தீபிகாவும் திடுக்கிட்டு எழுந்தே விட்டார்கள்.

ஜானு நாற்காலியைச் சுற்றுவதை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். கோபமில்லை, பயமில்லை. வாயில் விரலை வைத்து, ரொம்ப அன்பாகச் சிரித்தாள்.

"ஷ்ஷ்! அம்மா, இங்கிலீஷ்ல சொல்லு."